பெயர் மறந்த சந்நிதிகள்

அறியாத ஊரில் ஒரு கோயிலுக்குள் நுழைந்ததும் நாம் முதலில் கேட்பது, ‘இங்கே சுவாமியின் திருநாமம் என்ன?’ என்பதுதான். அர்ச்சகரோ, மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெரியவரோ உடனே சொல்லிவிடுவார். அவ்வாறு சொல்ல ஒருவரும் இல்லாத மலைக்கோயில்களை இவ்வாரம் மனத்தால் வலம்வருவோம்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைத்தொடரில், ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில் உள்ளது மச்சு பிச்சு. கெச்சுவா மொழியில் ‘முதிய சிகரம்’ என்பது இப்பெயரின் பொருள். கீழே உருபம்பா ஆறு வளைந்து ஓட, இரு சிகரங்களுக்கு இடைப்பட்ட மலைமுகட்டில், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இன்கா அரசர் பச்சகூட்டியின் காலத்தில் இத்தலம் எழுந்தது. அதனைக் கட்டியவர்களிடம் இரும்புக் கருவி இல்லை. பாரம் ஏற்றும் சக்கர வண்டியும் இல்லை. கல்லைக் கொண்டே கல்லைத் தட்டிச் செதுக்கினர். சிறப்பான கோயிற் சுவர்களில் சாந்து பூசாமலே கற்களை ஒன்றோடொன்று பொருத்தினர். வாயில்களும் சாளரங்களும் அடியில் அகன்று மேலே குறுகியிருக்கும். சுவர்கள் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். நிலநடுக்கம் மிகுந்த அந்நாட்டில் அவை இன்றும் நிலைத்திருப்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

இன்கா மக்கள் சூரியனை ‘இன்டி’ என்று வணங்கினர். அரசர் தம்மைச் சூரியனின் மைந்தர் என்று கருதினார். உயர்ந்த மலைகள் அவர்களுக்குக் காவல் தெய்வங்கள். அவற்றை ‘அப்பு’ என்றனர். பூமி ‘பச்சமாமா’, அவர்கள் மொழியில் ‘மாமா’ என்றால் தாய். ஊற்று, குகை, பாறை எதுவாயினும், அங்கே தெய்வ சாந்நித்தியம் உண்டென்று கண்டால் அதனை ‘வாக்கா’ என்று போற்றினர். எனவே பாறையை அகற்றிவிட்டுக் கோயில் கட்டவில்லை. பாறை இருந்த இடத்திற்கே கோயிலைக் கொண்டுவந்தனர்.

இதற்குச் சிறந்த சான்று, இன்று ‘சூரிய கோயில்’ என்று வழங்கும் சந்நிதி. மலையோடு பிறந்த ஒரு பெரும்பாறையை நடுவில் வைத்து, அதனை அணைத்தாற்போல் வளைந்த சுவரை எழுப்பியுள்ளனர். ஜூன் மாதம் 21ஆம் நாளையொட்டி உதயசூரியனின் கதிர் கீழ்த்திசைச் சாளரம் வழியே நுழைந்து, பாறைமேல் செதுக்கிய விளிம்பின் போக்கிலேயே விழுகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள அந்நாட்டில் அது குளிர்காலம். பகற்பொழுது மிகக் குறுகிய நாள். வடக்கே விலகிச் சென்ற சூரியன் மீண்டும் தங்களை நோக்கித் திரும்பும் நாளை அவர்கள் அச்சந்நிதியில் கண்டனர். அப்பாறைக்குக் கீழே ஒரு குகை, அதன் வாயிலில் படிக்கட்டு வடிவில் செதுக்கிய கல், உட்சுவரில் மாடங்கள். மேலே ஒளி, கீழே இருள், நடுவே ஒரே பாறை.

அருகிலேயே தீர்த்தமும் உண்டு. மலைச்சரிவில் ஊறும் சுனையிலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் நீளமுள்ள கல்வாய்க்கால் வழியாக வந்த நீர், 16 தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்குகிறது. முதல் தொட்டி அரசர் மாளிகைக்கும் சூரிய கோயிலுக்கும் அண்மையில் அமைந்துள்ளது.

வடகோடியில் நிற்கும் மற்றொரு பெரும்பாறையின் மேல்விளிம்பு, பின்னால் தெரியும் மலையின் வடிவை ஒத்திருக்கிறது. உயர்ந்த மேட்டின் உச்சியிலோ, மலைப்பாறையையே குடைந்து நடுவில் ஒரு தூண்போல் செதுக்கிய கல் உள்ளது. ‘சூரியனைக் கட்டும் இடம்’ என்னும் பொருளில் அதனை ‘இன்டிவத்தானா’ என்கின்றனர். 2000ஆம் ஆண்டில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி விழுந்து அக்கல்லின் ஒரு முனை உடைந்துபோனது. பூசை நடக்கும் சந்நிதியாக இருந்திருந்தால் அவ்வளவு அருகில் அக்கருவியை யார் விட்டிருப்பார்?

சுயம்பு மூர்த்திகளைத் தரிசித்துப் பழகிய நமக்கு இவையெல்லாம் உறவாகத் தோன்றுவது இயல்பு. அதனாலேயே, இன்கா மக்கள் நம் நாட்டிலிருந்து சென்றவர்கள் என்று சொல்வோரும் உளர். அதற்குச் சான்றில்லை, அப்படிச் சொல்லவேண்டிய தேவையுமில்லை. நம்மை அறியாத மக்களும் கல்லில் கடவுளைக் கண்டனர் என்பதே நம்மை வியப்பிலாழ்த்தப் போதுமானது.

1532இல் ஸ்பானியர் பெருவில் நுழைந்தனர். இன்கா பேரரசு வீழ்ந்தது. தலைநகர் குஸ்கோவின் பெரிய சூரிய கோயிலான கொரிகாஞ்சாவின் சுவர்கள்மீது கிறித்தவ மடம் எழுந்தது. மச்சு பிச்சுவை அவர்கள் இடிக்கவில்லை. ஆயினும் அங்கு வாழ்ந்தோர் நீங்கினர், பூசை நின்றது, காடு மூடியது. 1911இல் அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் அங்கு சென்றபோது, வழிகாட்டியவர் உள்ளூர் உழவர் ஒருவர். படிக்கட்டு வயல்களில் சில குடும்பங்கள் பயிரிட்டுக்கொண்டிருந்தன. 1983இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ‘சூரிய கோயில்’, ‘மூன்று சாளரக் கோயில்’, ‘இன்டிவத்தானா’ ஆகிய பெயர்கள் யாவும் பிற்காலத்தார் இட்டவை. கட்டியவர்கள் அச்சந்நிதிகளை என்ன பெயரால் அழைத்தனர், எந்த வேளையில் என்ன சொல்லி வணங்கினர் என்று சொல்ல இன்று எவரும் இல்லை. இன்கா மக்கள் கணக்குகளை நூல் முடிச்சுகளில் குறித்துவைத்தனர். நாம் அறிந்த எழுத்து அவர்களிடம் இல்லை. வழிபாடு முழுவதும் வாய்மொழியாலும் கைப்பழக்கத்தாலுமே வாழ்ந்தது. அச்சங்கிலி அறுந்தபின் எஞ்சியவை கற்களே.

ஆனால் ஒன்று அறுபடவில்லை. குஸ்கோ மலைநாட்டு உழவர்கள் இன்றும் ‘சிச்சா’ என்னும் மக்காச்சோளப் பானத்தை அருந்துமுன் சில துளிகளைப் பச்சமாமாவுக்கென மண்ணில் சிந்துகின்றனர். மூன்று கொக்கா இலைகளை விரல்களில் விசிறிபோல் பிடித்து, தம் ஊர் மலைகளின் பெயரைச் சொல்லி, அவற்றின்மேல் மெல்ல ஊதி அர்ப்பணிக்கின்றனர். அரசர் எழுப்பிய கோயிலின் பெயர் மறைந்தது. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மலைகளின் பெயர் நிலைத்தது.

முதிய அன்பர்களே, உங்கள் குலதெய்வத்தின் பெயரும், எந்த நாளில் என்ன நிவேதனம் என்பதும், எந்தச் சந்நிதியை முதலில் வணங்கவேண்டும் என்பதும் உங்கள் நினைவில் மட்டும் இருக்கக்கூடும். அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது பேரனையோ பேத்தியையோ கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சுவாமியின் திருநாமத்தைச் சொல்லிவையுங்கள்.