கோட்டுக்கு அடியில் கிழங்கு

"இதை என் மூணு வயசுப் பேத்தியே போட்டுடுவா." எமிலி காமே உங்வாரேயின் ஓவியம் ஒன்றை அலைபேசியில் காட்டியபோது உறவினர் ஒருவர் சொன்னார். சொன்ன கையோடு கட்டைவிரலால் படத்தைத் தள்ளியும் விட்டார். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. மலை மலையாகவும் ஆறு ஆறாகவும் தெரிந்தால்தான் படம், மற்றதெல்லாம் கிறுக்கல், அதற்கு விலை வைப்பது ஏமாற்று வேலை என்று நன்றாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இது பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிற சோம்பல்.

அவர் தள்ளிவிட்ட படம் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 8 மீட்டர் நீளம். கறுப்புப் பரப்பு முழுக்க வெள்ளைக் கோடுகள். வளைகின்றன, கிளைக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓரம்வரை ஓடுகின்றன. வானம் இல்லை, மரம் இல்லை. ஆனாலும் அது நிலக்காட்சிதான்.

எமிலி மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில், உட்டோபியா என்று வெள்ளையர் பெயரிட்ட பகுதியில் பிறந்து வளர்ந்த பழங்குடிப் பெண். அங்கே மண்ணுக்கடியில் விரல் பருமனில் ஒரு கிழங்கு விளைகிறது. கொடி வகை, நம் உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்த அதே பேரினம். கிழங்கு பருக்கப் பருக்க மேல்மண் வெடிக்கும். அந்த வெடிப்பைக் கண்டு பெண்கள் கழியால் தோண்டுவார்கள். எது கிழங்கு காட்டும் வெடிப்பு, எது வெயிலில் காய்ந்த வெடிப்பு என்று பிரித்தறியத் தெரியாவிட்டால் அன்றைக்கு வெறுங்கைதான். 'காமே' என்ற அவருடைய பெயரே அந்தக் கொடியின் விதையைக் குறிப்பது. தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவருக்கு நிலம் என்றால் மலையும் வானமும். ஆயுசு முழுக்கக் குனிந்து தோண்டியவருக்கு நிலம் வேராகவும் வெடிப்பாகவும்தானே தெரியும்?

அந்தக் கோடுகள் துணிக்கு வந்ததும் திடீரென்று அல்ல. சடங்குகளில் பெண்கள் மார்பிலும் தோளிலும் காவியும் வெண்மண்ணும் குழைத்துக் கோடு இழுப்பார்கள். அவெல்யே என்று அதற்குப் பெயர். எழுபதுகளின் கடைசியில் உட்டோபியா நிலத்தை மீட்க அந்த மக்கள் உரிமை கோரியபோது, பெண்கள் இந்தச் சடங்கையே விசாரணையில் நிகழ்த்திக் காட்டினார்கள். நம் ஊரில் பட்டாவும் சிட்டாவும் செய்கிற வேலையை அங்கே உடம்பில் இழுத்த கோடும் பாட்டும் ஆட்டமும் செய்தன. நிலமும் திரும்பக் கிடைத்தது. இதையா கிறுக்கல் என்கிறோம்?

"ரெண்டே நாளில் போட்ட படத்துக்கு இத்தனை மதிப்பா?" என்று அடுத்த கேள்வி வரும். 1995இல் அதை இரண்டே நாளில்தான் போட்டார். துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்வரைவு எதுவும் இல்லாமல், போட்டதைத் திருத்தாமல் வரைந்தார். அப்போது அவர் எண்பதைக் கடந்தவர். பாத்திக் துணி வேலையைத் தொடங்கியது 1977இல். கேன்வாசைத் தொட்டது எண்பதுகளின் இறுதியில். அந்த இரண்டு நாளுக்குப் பின்னால் எண்பது வருடம் நிற்கிறது. நாதஸ்வர வித்துவான் ராகத்தை அரை மணி நேரம்தான் வாசித்தார் என்று சம்பாவனையைக் குறைப்போமா?

குழந்தையின் கோட்டை நான் மட்டம் தட்டவில்லை. அதற்குத் தெரிந்ததை அது வரைகிறது. எமிலிக்குத் தெரிந்தது ஒரு நிலம் முழுவதும். இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டு பேருக்கும் செய்கிற அநியாயம்.

1996இல் எமிலி காலமானார். அந்தப் படம் இன்று மெல்பர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. போக முடியாதவர்கள் பெரிய திரையில் திறந்து, ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் கண்ணால் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.