நிலவறையில் முழங்காலிட்டவர்கள்

இத்தாலியக் குடும்பம் என்றாலே போப்பாண்டவர், ஜெபமாலை, தப்பாத ஞாயிறு பூசை என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியர்கள் வீட்டில் விஷயம் அப்படி இல்லை. (காட்ஃபாதர் படத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்!)

1880க்கும் 1920க்கும் இடையில் நாற்பது லட்சம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் தெற்கு இத்தாலி, சிசிலி ஏழைகள். அங்கே கத்தோலிக்கத் திருச்சபை ஐரிஷ்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் கண்ணுக்கு இவர்கள் அரைகுறைக் கத்தோலிக்கர்கள். ஆண்கள் கோவில் வாசலோடு நின்றுவிடுகிறார்கள், காணிக்கை போடுவதில்லை, மறைக்கல்வி தெரியாது. சபைக்காரர்கள் இதற்கு 'இத்தாலியப் பிரச்சினை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நியூயார்க் கிழக்கு ஹார்லெமில் 115ஆம் தெருவில் கார்மேல் மாதா கோவில் இருக்கிறது. 1884இல் கட்டியது. பகலெல்லாம் கூலி வேலை பார்த்த இத்தாலியர்கள் மாலையில் வந்து கல் சுமந்தார்கள். ஆனால் மேல்தளத்தில் பூசை கேட்க அவர்களுக்கு இடமில்லை, நிலவறைதான். 1904இல் வாடிகன் சம்மதத்தோடு மாதாவுக்குக் கிரீடம் சூட்டினார்கள். அப்போதும் அந்த ஜனங்கள் கீழேதான் முழங்காலிட்டார்கள். இதைவிட அபத்தம் என்ன வேண்டும்?

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு மதம் என்பது பாட்டிதான். யாருக்காவது கண் பட்டுவிட்டால் தட்டில் தண்ணீர் ஊற்றி எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பாள். அந்த ஜெபத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில்தான் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதே இரவில் இறைச்சி கிடையாது, வகைவகையாய் மீன். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். மார்ச் 19 சூசையப்பர் திருநாளில் சிசிலிக்காரர்கள் பலகாரம் அடுக்கி ஏழைகளை உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். ஜூலை 16 மாதா திருவிழாவில் கொதிக்கும் தெருவில் வெறுங்காலோடு நடந்து, குணமான கைகாலுக்கு மெழுகில் செய்த கைகாலைக் காணிக்கை வைப்பார்கள்.

கன்னியர் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை அங்கே கேட்டதோ வேறு. இதெல்லாம் மூடநம்பிக்கை, நல்ல கத்தோலிக்கர் செய்யமாட்டார். அதாவது உன் பாட்டி நல்ல கத்தோலிக்கர் இல்லை! ஒரு பிள்ளையின் மனதில் இதைவிட ஆழமாய்க் கத்தி வைக்க முடியாது. பலர் வெட்கப்பட்டு, வீட்டுப் பேச்சையும் வீட்டுச் சாமியையும் சேர்த்தே மறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்காகப் பாட்டி மதத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. விரதம், நேர்த்திக்கடன், சமையல் எல்லாச் சுமையும் பெண்கள் தலையில். பையன் தெருவில் சுற்றலாம், பெண் தனியே ஒரு தெருமுனை தாண்டினால் குடும்ப மானம் போயிற்று. மாதாவைத் தோளில் தூக்கிய அதே ஆண்கள்தான் இந்தக் காவலையும் போட்டார்கள். ராபர்ட் ஓர்சி 1985இல் இந்தத் தெருவைப் பற்றி எழுதிய புத்தகம் இந்த இரண்டு முகத்தையும் காட்டுகிறது. ஏக்கத்தோடு 'அந்தக் காலம்' பாடுகிறவர்கள் அவசியம் படிக்கவேண்டும்.

நிலவறை வாசம் 1919 வரை நீடித்தது. பிறகு மேலே ஏறினார்கள், கொஞ்ச காலத்தில் பேட்டையை விட்டே போய்விட்டார்கள். இப்போது ஜூலை 16இல் அந்தக் கோவிலை நிறைப்பவர்களில் ஹைட்டி நாட்டுக்காரர்கள் ஏராளம். அவர்களுடைய பக்தியையும் மூடநம்பிக்கை என்று சொல்ல ஆள் இருக்கத்தான் செய்கிறது.