கதைப் புத்தகத்தில் 'லெவல் 1': அந்த எண் வயசைச் சொல்லுதா?

பிள்ளைக்கு ஏழு வயசு ஆயிடுச்சு, அப்போ 'லெவல் 3' வாங்கலாமா? பெற்றோர் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால், அந்த எண் குறிப்பது வயதை அல்ல, வாசிப்புப் பழக்கத்தை.

பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாவது 1,500 வரை, அதைத் தாண்டினால் நான்காவது. வேறு பதிப்பகத்தின் 'லெவல் 1' இதே அளவில் இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஹீ வாஸ் கோயிங்' என்பது மூணு குட்டிச் சொற்கள். தமிழில் 'போய்க்கொண்டிருந்தான்' ஒரே சொல்தான். ஆனா 10 எழுத்து! எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு மூச்சு வாங்கிவிடும். சொற்களை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எண்ணே கிடையாது. நுழை, நட, ஓடு, பற என்பவைதான் நிலைகள். 'இன்னும் ஒண்ணாம் லெவல்தானா?' என்ற கேலிக்கு அங்கே இடம் குறைவு.

வாங்கும் முன் ஒரு பக்கத்தைப் பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. வரிக்கு வரி தடுக்கினால், வயசு என்னவா இருந்தாலும் ஒரு படி கீழே இறங்கலாம்.