அடுக்களைச் சுவரை யார் தேர்ந்தெடுப்பது?

நல்லெண்ணெயில் கடுகு வெடித்தாலும் புளிக்குழம்பு கொதித்துத் தெறித்தாலும், அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் முதலில் வாங்கிக்கொள்கிறது. விறகடுப்புக் காலத்தில் புகையேறிக் கறுத்த அடுக்களைக்குப் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தால் போதும். இன்று அந்த இடத்தை டைல்ஸ் பிடித்துவிட்டது. பாளையங்கோட்டையில் புது வீடு கட்டுகிறவர்கள், குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸில் பழக்கூடைப் படம் நன்றாக இருக்கிறதா என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். இணைப்பில் எதைப் பூசுவது என்பதை மட்டும் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறார்கள்.

தொல்லை தொடங்குவதே அந்த இணைப்பில்தான். டைல்ஸின் பளபளப்பான மேற்பூச்சு எதையும் உறிஞ்சாது. நடுவில் ஓடும் வெள்ளை சிமெண்ட் உறிஞ்சும். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே தாளிப்பில் தெறிக்கும் எண்ணெயோடு அது இணைப்புக்குள் இறங்கிவிடுகிறது. சோப்பு போட்டுத் தேய்த்தால் அதன் காரத்தில் கறை சிவக்கவும் செய்யும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரத்தால்தான்.

இணைப்பில் சிமெண்டுக்குப் பதில் எபாக்சி என்னும் பிசின் கலவையைப் பூசினால் இந்தக் கறை எளிதில் இறங்காது. விலை கூடுதல்தான், ஆனால் ஓர் அடுக்களைச் சுவருக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். கலந்த சிறிது நேரத்தில் இறுகிவிடும், மேலே படிந்ததை உடனுக்குடன் துடைக்க வேண்டும் என்பதால் வேலைக்காரர்கள் தட்டிக்கழிப்பது உண்டு. வீட்டுக்காரர் விடாப்பிடியாக நிற்க வேண்டிய இடம் இது. நாலடிக்கு இரண்டடி டைல்ஸைப் படுக்கைவாட்டில் ஒட்டினால், அடுப்புக்கு நேர் பின்னால் இணைப்பே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக் கல்லை அடுப்பு வரை கொண்டுவரும் மோகம் இப்போது பரவுகிறது. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் கண்ணாடித் தட்டின்மேல் வண்ண சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, சூளையில் சுடாமல் செய்யும் கல் அது. கூடத்துத் தரையில் கால்பட்டு மெருகேறும். அடுப்பங்கரையில் எண்ணெய் குடிக்கும். மேற்பூச்சில்லாத சுட்டமண் ஓடும் அப்படித்தான். காருகுறிச்சிச் சட்டி எண்ணெய் உறிஞ்சுவதை இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பளிங்கும் கடப்பாவும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். புளியும் எலுமிச்சையும் பட்டால் மேற்பரப்பு அரித்து மங்கும். மேடைக்குப் போட்ட கருப்பு கிரானைட்டையே சுவரில் இரண்டடி ஏற்றிவிடுவது பார்க்கச் சாதாரணம்தான். இந்தச் சமையலுக்கு அது நன்றாகவே தாங்கும்.

படம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீட்டு ஆண்கள். ஆண்டுக்கணக்கில் தேய்ப்பது பெண்கள். இந்த வழக்கம் மாறியே ஆக வேண்டும். கடையில் உடைந்த துண்டு கேட்டால் கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு பக்கம் புளிக்கரைசலும் மறுபக்கம் மஞ்சள் கலந்த எண்ணெயும் தடவி, ஓர் இரவு விட்டுக் காலையில் துடைத்துப் பார்க்கட்டும், சமைக்கிறவர்.