சுண்ணாம்புத் தொட்டியும் ஜேசிஎல்லும்
வாணியம்பாடி டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி முடியாத தோலை எந்த மேஸ்திரியும் அடுத்த வேலைக்கு அனுப்பமாட்டார். வங்கிகளின் மெயின்பிரேம் கணினிகளில் அந்தக் கண்டிப்பை எழுதிவைக்கிற மொழி ஜேசிஎல், 1960-களில் ஐபிஎம் சிஸ்டம் 360-உடன் வந்தது. இரண்டு சாய்கோடுகளில் தொடங்கும் வரிகள். முந்தைய படி, பிழையில்லை என்று காட்டும் பூஜ்யக் குறியோடு முடிந்தால் மட்டுமே அடுத்ததை ஓட்டு என்று அதில் சொல்லிவிடலாம். 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கியில் இப்படி மெயின்பிரேமில் ஓடும் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தபோது கோளாறாகி, 65 லட்சம் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள்; பணம் வந்தும் கணக்கில் ஏறவில்லை. 2014-ல் வங்கிக்கு அபராதம் 5.6 கோடி பவுண்டு. ஜேசிஎல்லைப் பழைய மொழி என்று நம் கல்லூரிகள் ஒதுக்குவது பெருந்தவறு. படி தவறினால் தோல் கெடும் என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஒரு செமஸ்டர் கற்றுக்கொடுங்கள்.