ஆள் இல்லையாம், ஆனால் சம்பளம் ஏறாதாம்!



சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனிகள் சொல்வது ஒன்றுதான்: "சம்பளத்தைச் சந்தை தீர்மானிக்கட்டும்." அதே வாயால் இன்னொன்றும் சொல்கின்றன: "மலையில் கொழுந்தெடுக்க ஆள் இல்லை."

வெங்காயம் குறைந்தால் வெங்காய விலை ஏறும். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆள் குறைந்தால் கூலி ஏன் ஏறவில்லை?

ஏனென்றால் தோட்டத்தில் சந்தையே இல்லை. சந்தை என்றால் வாங்க வருபவர் பலர் இருக்க வேண்டும். பெரட்டுக்களத்தில் நம் உழைப்பை வாங்க நிற்பது ஒரே கம்பனி. பக்கத்துத் தோட்டத்திலும் அதே நாட்சம்பளம்தான். வெளியே வேலைக்குப் போனால் லயக் காம்பரா போய்விடுமோ என்ற பயம் வேறு.

இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933இல் வெளியிட்ட நூலில் இந்த நிலைக்கு 'மொனொப்சொனி' என்று பெயர் வைத்தார். வாங்குபவர் ஒருவரே என்றால், உழைப்பின் பெறுமதியைவிடக் குறைவாகக் கூலி கொடுக்கலாம். புதிய ஆளைப் பிடிக்கக் கூலியை ஏற்றினால் இருக்கிற எல்லோருக்கும் ஏற்ற வேண்டும். அதைவிட ஆள் குறைவாகவே இருப்பது அவருக்கு இலாபம். "ஆள் இல்லை" என்ற புலம்பலின் இரகசியம் இதுதான்.

"சம்பளம் ஏறினால் வேலை போய்விடும்" என்றும் மிரட்டுகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 1992இல் குறைந்தபட்ச மணிக்கூலி 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக ஏறியது. டேவிட் கார்ட், அலன் குரூகர் இருவரும் அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவுக் கடைகளை ஆராய்ந்தார்கள். வேலை குறையவில்லை. அதை மறுத்துப் பேசியவர்களும் உண்டு. ஆனால் கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கடை வேறு, தோட்டம் வேறுதான். ஆனாலும் கூலி ஏறினால் வேலை போயே தீரும் என்பது இயற்கை விதி அல்ல.

நம் கதைக்கு வருவோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அன்று டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதாவது நமக்கு 5 டொலர். 2022 நடுவில் டொலர் 360 ரூபாய். நம் நாட்சம்பளம் 3 டொலருக்கும் கீழே போனது. தேயிலை டொலருக்குப் போகிற பொருள். அந்த ஆண்டு கொழும்பு ஏலத்தில் அதன் சராசரி விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உரமும் எரிபொருளும் விலை ஏறியது, விளைச்சல் விழுந்தது உண்மை. ஆனால் 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டில் 69.8 வீதம் ஏறியிருந்தபோதும் நம் 1,000 ரூபாய் அசையவில்லை. 1,350 ஆக 2024 செப்டெம்பர் வரை காத்திருந்தோம். நட்டம் வந்தால் நமக்குப் பங்கு. விலை ஏறினால் நமக்கு ஏன் பங்கில்லை?

அந்த இடைவெளியைக் கடனால் அடைத்தோம். வங்கி அடமானம் கேட்கிறது. காம்பராவோ நம் பெயரில் இல்லை. கூடுதல் வட்டிக்குச் சம்மதித்தாலும் சிலருக்கு வங்கி கடன் தராது என்பதை ஸ்டிக்லிட்ஸ், வைஸ் இருவரும் 1981இலேயே விளக்கினார்கள். அந்தச் சிலர் நாம்தான். அதனால்தான் குழுக்கடன்காரர் வாசலுக்கு வருகிறார். தவணை நாளில் என் வகுப்பில் இரண்டு மூன்று இடம் காலி. மறுநாள் கேட்டால், "அம்மா இல்லைன்னு சொல்ல என்னைய வீட்டுல நிப்பாட்டினாங்க டீச்சர்" என்கிறது பிள்ளை.

வாங்குபவர் ஒருவர் என்றால் விற்பவர்களும் ஒருவராக நிற்க வேண்டும். 2021இல் கம்பனிகள் கைவிட்ட கூட்டு ஒப்பந்தம் திரும்ப வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பேச்சுவார்த்தை மேசையில் திறக்க வேண்டும். வீடும் காணியும் உறுதிப்பத்திரத்தோடு நம் பெயரில் வேண்டும்.

அடுத்த முறை யாராவது "சந்தை" என்றால் கேளுங்கள்: எங்கள் உழைப்புக்கு விலை கேட்கும் இரண்டாவது ஆள் எங்கே?