ஏர்போர்ட் சரி, பைலட்டுக்குச் சம்பளம்?

2024 ஜூன்ல ஓசூருக்கு 2000 ஏக்கர்ல ஏர்போர்ட்னு சட்டசபையில அறிவிச்சாலும் அறிவிச்சாங்க, சிப்காட் டீக்கடை வரைக்கும் 'பையனை பைலட்டாக்கிடலாம்'ங்கற பேச்சுதான்.

கொஞ்சம் பொறுங்க மக்களே. லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும். பல லட்சம் செலவு. அப்புறம் ஓட்டப்போற விமானத்துக்குன்னு டைப் ரேட்டிங், அதுவும் பெரும்பாலும் சொந்தக் காசு. இவ்வளவும் பண்ணி ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்துல துணை பைலட்டா சேர்ந்தா, பெரிய ஜெட்டை விடக் குறைஞ்ச சம்பளம். 2012ல கிங்ஃபிஷர், 2019ல ஜெட் ஏர்வேஸ் நின்னப்ப சம்பள பாக்கியும் நின்னுச்சு. வட்டி நிக்குமா?

எங்க ஐடி தொழில்ல புதுசா வர்றவனுக்குக் கம்பெனிதான் பயிற்சி குடுக்குது. இங்க மட்டும் அப்பன் ஏன் நிலத்தை அடமானம் வைக்கணும்? உடான் திட்டத்துல மானியம் வாங்கற கம்பெனி டைப் ரேட்டிங் செலவை ஏத்துக்கணும்னு நிபந்தனை போட்டா என்ன குறைஞ்சிடும்? நீங்களே சொல்லுங்க.